பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமலிருக்க ஓர் அறக்கட்டளை: கேள்வி பதில்

தமிழ்நாட்டில் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடாமல் தடுக்க அமைப்பு தொடங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்கான பதில்கள். வருமான வரிப் பிரிவுகளைப் பழைய எண்ணிலேயே சொல்கிறேன். 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டத்தில் எண்கள் வேறு, ஆனால் நன்கொடை கொடுப்பவர் எவரும் தனக்குக் கிடைக்கும் வரிச் சலுகையை 80ஜி என்றுதான் கேட்பார்.

டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா? எது நல்லது ஐயா?

சின்ன அளவில் தொடங்குபவர்களுக்கு டிரஸ்ட். சங்கம் என்றால் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி 7 பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். நாலு வருஷம் அனுப்பாமல் விட்டுவிட்டு அபராதத்தோடு அலைபவர்கள் ஏராளம். பிரிவு 8 கம்பெனி என்ற லாப நோக்கமில்லாக் கம்பெனிக்கு, வரவே இல்லாத வருஷத்திலும் ஆடிட்டருக்கும் தாக்கலுக்கும் செலவு உண்டு. டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அறங்காவலர் மூன்று பேராவது இருக்கட்டும், மூவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். கணவன், மனைவி, மச்சான் என்று பத்திரத்தில் பார்த்தால் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்பு நிதி தருகிற கம்பெனிகள் அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடும்.

பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

இந்த அறக்கட்டளையைத் திரும்பப் பெற முடியாது என்ற வரி. கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போகும் என்ற வரி. அறங்காவலருக்கு லாபத்தில் பங்கில்லை என்ற வரி. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. முதல் இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் 12ஏ பதிவுக்கான விண்ணப்பம் கேள்வியோடு திரும்பும், அப்புறம் திருத்தப் பத்திரம் போட்டு மறுபடி பதிவுச் செலவு. நோக்கங்களில் முதியோர் இல்லம், கோசாலை, மரம் நடுதல் எல்லாம் சேர்க்கச் சொல்லி டைப் அடிப்பவர் யோசனை சொல்வார். வேண்டாம். பிள்ளைகளின் கல்வி, அதற்குத் தேவையான உடல்நலம், குடும்பத்துக்கான உதவி, அவ்வளவு போதும்.

எங்கள் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதலாமா?

ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ என்று எழுதினால் 80ஜி கிடைக்காது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று எழுதத் தடையில்லை.

80ஜி எப்போது கிடைக்கும்?

பான் வாங்கியதும் 12ஏ, 80ஜி இரண்டுக்கும் தற்காலிகப் பதிவு கேட்டு விண்ணப்பியுங்கள். மூன்று வருஷத்துக்குத் தருவார்கள். எல்லாரும் கோட்டை விடும் இடம் இதற்குப் பிறகுதான். பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை இல்லை. புது வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி சலுகையே இல்லை என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மார்ச் மாதம் கொடுத்துவிட்டு ஜூலையில் சண்டைக்கு வருவார்கள்.

நாங்கள் 200 பிள்ளைகளுக்குப் பை, நோட்டு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. சீருடை எட்டாம் வகுப்பு வரை தருகிறது. பை இல்லை என்று பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைக் காட்டுவது கஷ்டம். அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு அடுத்த பதில்.

முதல் வருஷம் என்ன வேலை செய்வது ஐயா? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளியையும், அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு மூன்று நடுநிலைப் பள்ளிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுக்க வேண்டாம். பிள்ளைகள் உதிர்வது பெரும்பாலும் பள்ளி மாறும் இடத்தில்: 5 முடித்து 6, 8 முடித்து 9, 10 முடித்து 11. அதனால் முதல் வேலை ஜூன் மாதத்தில். நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையோடு ஒவ்வொரு பெயராக டிக் அடியுங்கள். டிக் விழாத பெயர்கள்தான் உங்கள் வேலை. இதற்கு முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் நல்லவர் என்பதற்காக அனுமதியில்லாமல் பட்டியல் வாங்காதீர்கள், மாட்டிக்கொள்வது அவர்தான்.

ஜூலையிலிருந்து வருகைப் பதிவு. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் மாலையே ஒருவர் போக வேண்டும். பத்தாம் நாள் போனால் பிள்ளை எங்காவது வேலையில் சேர்ந்திருக்கும், கையில் முதல் சம்பளமும் வந்திருக்கும். அதன்பின் பேசிப் பயனில்லை. போகிறவர் நன்கொடையாளரோ ஞாயிற்றுக்கிழமைத் தொண்டரோ அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்ளூர்க்காரர். ஒருவருக்கு 40 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சம்பளம் 15,000, பெட்ரோல் 2,500, அவசரச் செலவு 2,500 என்றால் மாதம் 20,000, வருஷத்துக்கு 2,40,000. சம்பளத்துக்குக் காசு தர மாட்டேன், பொருளாகத்தான் தருவேன் என்று சொல்லும் நன்கொடையாளரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

வருகைப் பதிவைப் படிக்கப் பழகினால் காரணம் அதிலேயே தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு வாராவாரம் திங்கள் மட்டும் ஆப்சென்ட் என்றால் சனி ஞாயிறு கேட்டரிங், திங்கள் தூக்கம். மாதத்துக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல வராத பெண்ணென்றால் பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்காது, அல்லது தண்ணீர் இருக்காது. அக்காவும் தம்பியும் ஒரே நாளில் வரவில்லையென்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரே தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் மொத்தமாகக் காணவில்லையென்றால் குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போயிருப்பார்கள்.

பை, நோட்டு, பென்சில் பாக்ஸ் ஸ்பான்சர் செய்ய ஆள் இருக்கிறார்கள். எந்தப் பள்ளியை அணுகலாம்?

மேலே சொல்லிவிட்டேன். பொருள்தான் தருவேன் என்றால் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது, அதில் கொடுங்கள். இதற்காக ஒரு டிரஸ்ட் எதற்கு?

சிங்கப்பூரில் அண்ணன் இருக்கிறார், மாதாமாதம் அனுப்பத் தயார். வாங்கலாமா?

அண்ணன் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக வருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவு வேண்டும், பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து மெட்ரிக் பள்ளியில் சேர்த்து ஃபீஸ் கட்டலாம் என்று நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம்.

கூடாது. ஆறாம் வகுப்பில் மாற்றினீர்களானால், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென மருத்துவம், பொறியியலில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். கல்லூரிக்குப் போகும்போது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் போய்விடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு 12,000 தரும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுத முடியாது. ஏழு வருஷ ஃபீஸ் உங்கள் தலையில். மூன்றாம் வருஷம் நண்பர்களில் இருவர் கழன்றுகொண்டால் பாக்கிக்காகப் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும்.

அதே நண்பர்: உங்கள் பிள்ளை எந்தப் பள்ளி சார்? ஏழைக்கு மட்டும் அரசுப் பள்ளியா?

குத்தல் நியாயம்தான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது நீங்கள், கடன் வாங்கியாவது கட்டுவீர்கள். அந்தப் பிள்ளைக்குக் கட்டப்போவது ஒரு வாட்ஸாப் குழு. கெட்டிக்காரர் பத்துப் பேர் எப்படியும் தாக்குப்பிடிப்பார்கள், நிற்கப்போவது பதினோராவது பிள்ளை.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியை: இரண்டு திருத்தம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தாலும் புதுமைப் பெண் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5-ம் உண்டு.

சரிதான் டீச்சர், ஏற்கிறேன். உதவிபெறும் பள்ளிக்கு 7.5 இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மீண்டும் அதே நண்பர்: எல்லாம் சரி, இங்கிலீஷ்?

அதே ஃபீஸ் பணத்தில் அந்த அரசுப் பள்ளியிலேயே மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒருவரை வையுங்கள். பத்துப் பேருக்குப் பதில் வகுப்பே படிக்கும். இனி இந்த வாதத்துக்கு வரமாட்டேன், பாக்கிக் கேள்விகள் காத்திருக்கின்றன.

கணவரை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள். மாதாமாதம் பணம் கொடுக்கலாமா?

உங்கள் பணத்தைத் தொடும் முன் அரசுப் பணத்தை வாங்கிக்கொடுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். சம்பாதித்தவர் விபத்தில் இறந்திருந்தால் பள்ளி வழியாக 75,000 ரூபாய் தனியாக உண்டு. பெரும்பாலும் தடங்கல் வருமானச் சான்றிலும், ஆதாரோடு இணையாத வங்கிக் கணக்கிலும்தான். உங்கள் ஆள் அந்தப் பெண்ணோடு இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் இரண்டு நாள் நடந்தால் போதும்.

வாடகைக்கு வீடு எடுத்து இருபது பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்க ஆசை.

ஆசையை விட்டுவிடுங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ல் பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தங்கியே ஆக வேண்டிய பிள்ளைக்கு அரசு விடுதி இருக்கிறது.

சூளைக்குப் போகும் குடும்பங்களை எப்படித் தடுப்பது?

தடுக்க முடியாது. முன்பணம் வாங்கியிருப்பார்கள், தை பிறந்ததும் போயே ஆக வேண்டும். செய்ய முடிந்தது இரண்டு. ஒன்று, பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ பிள்ளையை விட்டுப்போகச் செய்வது. விடுதிச் சேர்க்கை ஜூன், ஜூலையில் முடிந்துவிடும். ஜனவரியில் ஓடினால் இடம் இருக்காது, போன தையில் போனவர்கள் யாரென்று பார்த்து ஜூனிலேயே பேசுங்கள். இரண்டு, கூடவே போகும் பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணைத் தாயின் செல்போனில் பதிந்துகொடுத்து, சூளைக்கு அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே பேசிவிடுவது. எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 5-ம் பிரிவு. பிள்ளையே கல் அறுக்கிறது, குடும்பத்தை வெளியே விட மறுக்கிறார்கள் என்று தெரிந்தால் முதலாளியிடம் நீங்களே பேசப் போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், கோட்டாட்சியருக்கு எழுதிக்கொடுங்கள். கொத்தடிமை ஒழிப்பு அவர் வேலை.

நன்கொடையாளர் பிள்ளையோடு போட்டோ கேட்கிறார்.

நாலாவது ஆள் இதைக் கேட்பது. முகம் தெரிகிற போட்டோ கிடையாது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சிறார் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், 'உதவி பெறும் ஏழை மாணவி' என்ற படம் மறுநாள் வகுப்பு முழுக்கச் சுற்றினால் அவள் பள்ளிக்கு வருவாளா? ரசீதும், பெயரில்லாத வருகைக் கணக்கும் அனுப்புங்கள்.

80ஜி வாங்க எவ்வளவு நாளாகும்?

மேலே.

ஐயா, நாங்கள் மூன்று பேர், கையில் 90,000 இருக்கிறது. இந்த ஜூனில் தொடங்கலாமா?

ஆள் வைக்க வேண்டாம், நாலரை மாதத்தில் தீர்ந்துவிடும். இந்த ஜூனில் ஒரே ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பட்டியலை மட்டும் எடுத்து, டிக் விழாத வீடுகளுக்கு மூவரும் போய்வாருங்கள். பத்திரப் பதிவை ஆடிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.