வர்க்கியும் 98 டிகிரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி முன்பு ஓரிரு வரி எழுதியிருந்தீர்கள். என் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவர். குன்னூரில் கண்காட்சி என்றால் லீவு போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் ஒரு பை நிறையப் பேனா, கீ செயின், வழவழப்பான நோட்டீஸ்களோடு வந்து இறங்குவார். எங்களுக்கு அது இன்னொரு தீபாவளி. அந்தப் பைகளில் ஒன்றில் அம்மா இன்னும் உருளைக்கிழங்கு போட்டு வைக்கிறார். ஸ்டாலுக்குள் நின்ற உங்களுக்கு அது எப்படி இருந்தது? ஏதாவது விற்றதா?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

விற்ற கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். குன்னூரில் ஒன்றுகூட விற்கவில்லை.

1990களின் நடுப்பகுதி. தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் சங்கமான உபாசியின் தலைமையிடம் குன்னூர், தேயிலை ஏலமும் அங்கேதான். அதனால் தேயிலைக்காரர்கள் தலையில் எதையாவது கட்ட நினைக்கிற கம்பெனிகள் எல்லாம் மலையேறிவிடும். கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலர், ட்ரையர், உரம், தராசு என்று அவரவர் கடை விரித்திருந்தார்கள். நாங்கள் கொண்டுபோனது, பட்டனை அமுக்கினால் டீ போட்டுத் தரும் பெட்டி. கொல்லத் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனால் எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது, முதலாளி சொன்னால் சரி.

பெட்டியின் நெற்றியில் ‘ஆட்டோமேட்டிக் டீ மேக்கர்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தொழிற்சாலையில் கொழுந்து வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை பொறுப்பேற்கும் ஆளுக்கே டீ மேக்கர் என்று பெயர். காலையிலிருந்து ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து நின்றவர்களில் பாதிப் பேர் டீ மேக்கர்கள். ஒருவர் பெட்டியைச் சுற்றி வந்து, “இவருக்கு நைட் ஷிஃப்ட் உண்டா?” என்று கேட்டார்.

அப்புறம்தான் வினை. தண்ணீர் 98 டிகிரிக்கு வந்தால்தான் பச்சை விளக்கு எரியும், குழாய் திறக்கும். கோவையில் நூறு தடவை ஓட்டிப் பார்த்திருந்தோம். குன்னூரில் அரை மணி நேரமாகியும் சிவப்பு விளக்கு போகவில்லை. உள்ளே தண்ணீர் தளபுளவென்று கொதிக்கிறது, ஆவி ஸ்டாலை நிறைக்கிறது, வெளியிலிருந்து மேகம் வேறு ஹாலுக்குள் நுழைகிறது. நோட்டீஸ்கள் அப்பளம்போல நமத்துச் சுருண்டன. எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். “வோல்டேஜ் பாரு” என்றார்.

எதிர் ஸ்டாலில் ருசி பார்ப்பவர்கள் 2.8 கிராம் தூளை எடை போட்டு, கெட்டில் கொதித்ததும் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துக் கரண்டியில் எடுத்து ‘ஸ்ஸ்ர்ர்’ என்று உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் எத்தனை டிகிரி என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் குல்லா போட்ட ஒரு பெரியவர்தான் சொன்னார்: “தம்பி, இது ஆறாயிரம் அடி. இங்க தண்ணி 94-லயே கொதிச்சிடும். நீ விடிய விடிய நின்னாலும் 98 வராது.” கோவை 400 மீட்டர் சொச்சம் உயரம்தான், அங்கே 98-ஐத் தொட்டுவிட்டுத்தான் கொதிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான், பரீட்சையோடு போய்விட்டது. அளவை மாற்றும் திருகு ஒரு மூடிக்குள் இருந்தது. மூடியின் சாவி கோயம்புத்தூரில்.

சாவி வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க மார்க்கெட்டிலிருந்து ஊட்டி வர்க்கி இரண்டு கிலோ வாங்கி வந்தேன். நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொழிற்சாலையும் எழுதினால் ஒரு வர்க்கி. அன்று மட்டும் நான்கு பக்கம் நிரம்பியது. முதலாளிக்குப் போனில் சொன்னதும் பூரித்துப்போனார். ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து ஐந்து பெயர் இருந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் கையில் சாவி வந்தது. அளவை 92-க்கு இறக்கினோம், பச்சை எரிந்தது. முதல் கப்பை அந்தப் பெரியவருக்கே கொடுத்தேன். நிதானமாகக் குடித்து முடித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“வர்க்கி நல்லா இருக்கு” என்றார்.

அந்த நோட்டில் உங்கள் அப்பாவின் பெயரும் இருந்திருக்கலாம். ஆனால் அம்மா உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கும் பை நிச்சயமாக எங்களுடையது இல்லை. எங்கள் பையின் பிடி பஸ் ஸ்டாண்டு போவதற்குள் அறுந்துவிடும்.