வாசகர் கேள்வி – பதில்: உப்பனாற்றங்கரை ஈ புதிய சிற்றினமா?

கேள்வி: உப்பனாற்றங்கரையில் நீர் வற்றி உப்புப் பூத்த சேற்றின்மேல் கூட்டமாக உட்காரும் சாம்பல் நிற ஈக்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கையில் கிடைத்த அடையாள அட்டவணைகள் எதிலும் இவை பொருந்தவில்லை. புதிய சிற்றினம் என்று எழுதலாமா? (முதுகலை விலங்கியல் மாணவி, கடலூர் முதுநகர்)

பதில்: அட்டவணையில் பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது. முதலில் இவை எபிட்ரிடே எனப்படும் கரையோர ஈக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இறக்கையின் முன்விளிம்பில் ஓடும் தடித்த நரம்பை நுண்ணோக்கியில் பாருங்கள். அது இறக்கையின் அடிப்பகுதிக்கு அருகில் ஓரிடத்திலும், சற்றுத் தள்ளி மற்றோரிடத்திலுமாக இரண்டு முறை அறுபட்டிருக்க வேண்டும். இதே கரைகளில் திரியும் கனாசிடே குடும்பத்து ஈக்களில் ஓர் அறுப்புதான் உண்டு. அடுத்து முகத்தைக் கவனியுங்கள். கரையோர ஈக்கள் பலவற்றின் முகம் முன்னோக்கிப் புடைத்தும், வாய்த்திறப்பு அகன்றும் இருக்கும். உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மயிர் போன்ற இழையில், பெரும்பாலானவற்றுக்கு மேற்புறத்தில் மட்டும் சீப்புப் பற்களைப் போல் கிளைகள் வரிசையாக நிற்கும்.

குடும்பம் உறுதியான பின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. உலகில் ஏறத்தாழ 2000 கரையோர ஈச் சிற்றினங்களுக்குப் பெயரிடப்பட்டிருக்கிறது. உப்பு ஏரியிலும், வயலிலும், ஏன், கலிபோர்னியாவில் கச்சா எண்ணெய் ஊறும் குட்டைகளிலும்கூட இவற்றின் புழுக்கள் வளர்கின்றன. அடையாள அட்டவணை என்பது ஏதேனும் ஒரு நிலப்பகுதிக்காக எழுதப்படுவது. நீங்கள் பயன்படுத்தியது ஐரோப்பாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ எழுதப்பட்டதாக இருந்தால், கடலூர் ஈ அதில் பொருந்தாததில் வியப்பில்லை. கடற்கரையில் வாழும் சிற்றினங்களில் பல நாடுகளுக்குப் பரவியவையும் உண்டு என்பதால், உப்பனாற்று ஈக்கு இலங்கையிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ பிடித்த மாதிரியைக் கொண்டு எப்போதோ பெயர் வைத்திருக்கலாம். ஆகவே அந்தப் பேரினத்தில் இதுவரை வைக்கப்பட்ட பெயர்கள் அனைத்தையும், செல்லாதவை என்று பின்னர் ஒதுக்கப்பட்டவற்றையும் சேர்த்து, 1995இல் மாதிஸும் ஸட்வார்னிக்கியும் வெளியிட்ட உலகப் பட்டியலிலும் அதற்குப் பின் வந்த கட்டுரைகளிலும் தேடி, ஒவ்வொன்றின் மூல விவரிப்போடும் உங்கள் ஈயை ஒப்பிட வேண்டும். பழைய விவரிப்புகள் பல சில வரிகளில் முடிந்துவிடும். அவற்றைப் படித்து எந்த முடிவுக்கும் வர இயலாத நிலையில், அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட ஈயை, பார்ப்பதோ, அதன் படங்களைக் கேட்டுப் பெறுவதோ தவிர வேறு வழியில்லை. சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தவர்களால்தான் ஒரே ஈக்கு இரண்டு மூன்று பெயர்கள் வந்து சேர்ந்தன.

நிறத்தையும் உருவளவையும் அதிகம் நம்பாதீர்கள். புழுப் பருவத்தில் தீனி குறைந்தால் ஈ சிறுத்துவிடும். நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்துக் காட்டுவதில் ஆண் ஈயின் பிறப்புறுப்பு வடிவமே பெரும்பாலும் கைகொடுக்கிறது. வயிற்றுப் பகுதியைக் கவனமாகப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால் தசை கரைந்து கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சும். நீரில் கழுவி, கிளிசரினில் இட்டு, பக்கவாட்டிலிருந்தும் அடிப்புறத்திலிருந்தும் பார்த்து வரையுங்கள். வரைந்த பின் அதை ஒரு நுண்குப்பியில் கிளிசரினோடு போட்டு, அதே ஈயின் ஊசியிலேயே குத்தி வையுங்கள். ஒன்று போதாது; பல ஆண் ஈக்களில் அந்த வடிவம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண் ஈக்கள் மட்டுமே கைவசம் இருந்தால், ஆண் கிடைக்கும் வரை பொறுத்திருப்பதே நல்லது.

எல்லாவற்றையும் ஆல்கஹாலில் போட்டுவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சில ஈக்களையேனும் உலர்த்தி, முக்கோணத் தாள் துண்டின் முனையில் ஒட்டி வையுங்கள். இந்தக் குடும்பத்தில் உடல்மேல் படிந்திருக்கும் நுண்தூள் போன்ற பூச்சின் நிறமும் பரவலும் முக்கிய அடையாளங்கள்; ஈரத்தில் அவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். டி.என்.ஏ. ஆய்வுக்கென்று சிலவற்றை அடர்ந்த எத்தில் ஆல்கஹாலில் தனியே வைக்கலாம். ஆனால் விலங்குகளுக்கு வழக்கமாகப் படிக்கப்படும் 658 எழுத்து நீள மரபணுத் துண்டு தரவுத்தளத்தில் எதனோடும் ஒத்துப்போகவில்லை என்றாலும் அதுவே சான்றாகிவிடாது. பழைய சிற்றினத்தின் துண்டை யாரும் இதுவரை அங்கே ஏற்றாமல் இருந்திருக்கலாம்.

கேள்வி: சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் சிற்றீக்களை மிக நெருக்கமாகப் படமெடுத்து வருகிறேன். பிடித்துக் கொல்ல மனமில்லை. படத்தை மட்டும் வைத்துப் புதிய சிற்றினத்தை அறிவிக்கலாமா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிப்படி முடியாதது என்று சொல்ல மாட்டேன். 2015இல் தென்னாப்பிரிக்காவில் மார்லேயிமியா பேரினத்தைச் சேர்ந்த ஓர் ஈக்கு, கையிலிருந்து தப்பிப்போன ஈயின் படங்களைக் கொண்டே பெயர் வைத்தார்கள். அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்த ஈ பெரியது, தோற்றத்தாலேயே தனித்துத் தெரிவது. உங்கள் சிற்றீக்களில் வேறுபாடு வயிற்றின் நுனிக்குள் மறைந்திருப்பதால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கேள்விக்கு விடை கிடைக்காது. ஆனால் உயிருள்ள ஈயின் கண் நிறம், சேற்றில் மேயும் விதம், இணையைத் தேடும் அசைவு ஆகியவை ஊசியில் குத்திய ஈயில் காணக் கிடைக்காதவை. நாளும் இடமும் குறித்து அந்தப் படங்களைப் பாதுகாத்து வையுங்கள்.

கேள்வி: புதிய ஈக்கு என் தாத்தாவின் பெயரை வைக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: வைக்கலாம். பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும். ஆணின் பெயரானால் இறுதியில் 'இ' விகுதி சேர்ப்பது வழக்கம். அந்தப் பேரினத்தில் அதே பெயர் முன்பே இருக்கக் கூடாது. நாளிதழில் செய்தி வந்தால் பெயர் நிலைத்துவிடாது. பிற சிற்றினங்களிலிருந்து பிரித்தறியும் விவரிப்போடும், எது மூலமாதிரி என்ற குறிப்போடும் முறையான வெளியீட்டில் வர வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ்களுக்கு 2012 முதல் அனுமதி உண்டு. அவை ஸூபேங்க் எனப்படும் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: பிச்சாவரத்திலும் ஈ பிடிக்கலாமா? மூலமாதிரியை எங்கள் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளலாமா? (முதல் வாசகி)

பதில்: அலையாத்திக் காட்டுக்குள் பிடிக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், படகில் ஏறுவதற்கு முன்பே அதைப் பெற்றுவிடுங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 39ஆம் பிரிவின்படி, புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தைக் குறித்து அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அத்தகைய காப்பகம் இந்திய விலங்கியல் ஆய்வகம். தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது, சென்னையில் மண்டல மையமும் உண்டு. கல்லூரியில் கூடுதல் மாதிரிகள் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூலமாதிரியை, பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டோடு அவர்களிடமே ஒப்படையுங்கள்.