அதிக விமானங்களைக் கையளித்த ஆண்டிலேயே எயார்பஸ் நட்டம் காட்டியது எப்படி? கணக்கில் வித்தை செய்தார்களா?

கேட்டவர் உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் மாணவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். "வித்தை" என்ற சொல் என்னை உறுத்தியது. அந்தச் சொல்லை ஒரு பொதுக்கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே கேட்டவன் நான்.

முதலில் எண்கள். 2019 இல் எயார்பஸ் 863 பயணிகள் விமானங்களைக் கையளித்தது, வருமானம் 70.5 பில்லியன் யூரோ. வட்டிக்கும் வரிக்கும் முந்திய சீராக்கிய இலாபம், அதாவது வழமைக்கு மாறான பெருஞ்செலவுகளை ஒதுக்கிவைத்துக் கணித்தது, 6.9 பில்லியன். அதே இலாபம் சீராக்கம் இல்லாமல் 1.3 பில்லியன்தான். வரியும் போன பிறகு நிகர நட்டம் 1.36 பில்லியன். இடையில் காணாமற்போன தொகையில் மிகப் பெரியது 3.6 பில்லியன் யூரோ தண்டப்பணம். முகவர்கள் வழியாக இலஞ்சம் கொடுத்த விவகாரத்தில் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் செய்துகொண்ட இணக்கத்தின் விலை அது. லண்டன் நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தத்தில் இடம்பெற்ற ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. எங்கள் தேசிய விமான சேவைக்கு விமானம் விற்ற கதை அதில் இருக்கிறது. அடுத்த பெரிய தொகை ஏ400எம் இராணுவப் போக்குவரத்து விமானத்துக்கானது: ஏற்றுமதி எதிர்பார்ப்பைக் குறைத்ததால் 1.2 பில்லியன்.

அந்த இணக்கம் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற நாள் 2020 சனவரி 31. அப்படியிருக்க அது எப்படி 2019 இன் கணக்கில் ஏறியது? இந்த இடத்தில்தான் என் சொந்தக் கதை வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் வடமராட்சியில் ஒரு பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்தேன். பெயர் வேண்டாம், அங்கே நல்ல மனிதர்கள் பலர் இருந்தார்கள். அந்த ஆண்டு கள்ளு விற்பனை முன்னைய எல்லா ஆண்டுகளையும் தாண்டியது. கணக்கை முடித்துக்கொண்டிருந்த சனவரி நடுப்பகுதியில் தொழில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தவறணை ஊழியர்களுக்குச் சேமலாப நிதி பல ஆண்டுகளாகக் குறைத்துக் கட்டப்பட்டிருந்தது. நிலுவையும் மேலதிகக் கட்டணமும் சேர்த்து 14 இலட்சம் ரூபாய். துருவேறிய குண்டூசியால் பெயர்ப்பட்டியலைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். அதில் எனக்கு நாள்தோறும் தேநீர் கொண்டுவரும் அம்மாவின் பெயரும் இருந்தது.

நிர்வாகக் குழு அந்தச் செலவைப் புதிய ஆண்டில் போடச் சொன்னது. கடிதத்தின் திகதி சனவரி அல்லவா என்பது அவர்களின் நியாயம். நான் மறுத்தேன். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 10 சொல்வது தெளிவானது: திசம்பர் 31 அன்று ஏற்கெனவே இருந்த ஒரு கடப்பாட்டுக்கு அதன் பின்னர் ஆதாரம் கிடைத்து, கணக்கு இன்னும் அங்கீகரிக்கப்படாமல் இருந்தால், அது செம்மையாக்கத்துக்குரிய நிகழ்வு, அதாவது முடிந்த ஆண்டின் கணக்கிலேயே ஏற்ற வேண்டியது. கடிதம் வந்தது சனவரியில். கடன் பிறந்தது அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து.

பொதுக்கூட்டத்தில் ஒரு மூத்த அங்கத்தவர் எழுந்தார். "தம்பி, போன வருசத்தை விடக் கூட வித்திருக்கிறம். நட்டம் எண்டு எப்பிடிச் சொல்லுறீர்? இது என்ன வித்தை?" மண்டபம் கைதட்டியது. நான் கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன்; முடிக்க விடவில்லை. பங்கிலாபம் இல்லாமற் போனதற்கு நானே காரணம் என்று அடுத்த ஆண்டு முழுவதும் பேசினார்கள். அந்த நிலுவையைக் கட்டாமல் விட்டவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது இன்னும் என் மனதில் ஆறவில்லை.

எயார்பஸ் செய்ததும் அதுவே. இலஞ்சம் கொடுக்கப்பட்டது முன்னைய ஆண்டுகளில். கணக்கு வெளியானது 2020 பெப்ரவரி 13 இல். ஆகவே தண்டம் 2019 க்கு உரியது. நான் இலஞ்சத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எழுத வேண்டாம். குற்றம் குற்றந்தான், அதை உரிய ஆண்டில் எழுதியது சரி என்பது மட்டுமே என் வாதம். பட்டயக் கணக்காளர்கள் நான் சுருக்கிவிட்டேன் என்று சொல்லக்கூடும். மாணவருக்கு இவ்வளவு போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். வரிக்கு முன் குழுமத்துக்கு ஏறத்தாழ ஒரு பில்லியன் இலாபம் இருந்தது; வரி 2.4 பில்லியன். தண்டப்பணத்தை வரிக்குக் கழிக்க முடியாதது இதற்கு ஒரு காரணம். ஆனாலும் ஆண்டிறுதியில் நிகரக் காசு 12.5 பில்லியன் இருந்ததால், நட்ட ஆண்டிலும் பங்கொன்றுக்கு 1.80 யூரோ பங்கிலாபம் முன்மொழிந்தார்கள். கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் அந்த முன்மொழிவை மீளப்பெற்றார்கள். வகுப்புகளில் படிவத்தை மனனம் செய்விக்கிறோமே தவிர, இலாபமும் காசும் வேறு என்பதை ஓர் உண்மையான ஆண்டறிக்கையை விரித்துக் காட்டுவதில்லை.

வித்தை செய்ய நினைத்திருந்தால் அந்த 3.6 பில்லியனை 2020 க்குத் தள்ளியிருப்பார்கள். அந்த ஆண்டு கையளிப்பு 566 ஆக விழுந்து, 1.1 பில்லியன் யூரோ நட்டம் வந்தது. உலகமே முடங்கிக் கிடந்தபோது அதன் மேல் இன்னொரு தண்டம் ஏறியதா என்று எவர் கேட்டிருப்பார்?