ட்ரிப் ஆகிறதே என்று எர்த்தைக் கழற்றலாமா?

கேள்வி: ஆற்காடு பக்கம் மைக் செட், லைட் செட் வாடகைக்கு விடுகிறேன். திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு இரும்பு ஸ்டாண்டில் 12 எல்.ஈ.டி. பார் லைட் கட்டுகிறோம். ஈ.பி. லைனில் எட்டாவது, ஒன்பதாவது லைட்டைப் போடும்போது ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. ஜெனரேட்டரில் விழுவதில்லை. பையன்கள் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். இப்போது ட்ரிப் இல்லை, ஆனால் ஸ்டாண்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. எந்த லைட்டில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் எர்த் ஒயரைத் திரும்ப மாட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ட்ரிப் ஆனதும் சுருக்கென்பதும் ஒரே கசிவுதான். எல்.ஈ.டி. லைட்டின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று, நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று எனச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியே நல்ல லைட்டிலும் துளி கரண்ட் எர்த்துக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் பாடியில் ஏறக்குறைய 115 வோல்ட் தொங்கி நிற்கும். ஒரே ஸ்டாண்டில் 12 லைட் என்றால் பன்னிரண்டின் கசிவும் சேர்ந்து, தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். கூத்தாடுகிறவரோ வெறுங்காலில், வேர்வையில் நனைந்து நிற்கிறார். பெட்ரோமாக்ஸ் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை இருந்தது!

30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. என்பது 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். லைட்டுக்கு 2 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலே எட்டு லைட்டில் 16 வந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரும் அதே லைனில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

சரி, தேடும் முறை. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒவ்வொரு லைட்டின் எர்த் பின்னுக்கும் பாடி திருகாணிக்கும் நடுவே பாருங்கள். பெயிண்ட் மேல் வைத்தால் ரீடிங் வராது. 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு லைட்டை ஒவ்வொன்றாகத் தனியாகப் போடுங்கள். ஒரு லைட் தனியாகவே ட்ரிப் செய்தால் குற்றவாளி அதுதான். ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் தோல் நசுங்கியிருக்கும், அல்லது கோடை மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும். குடோனில் கிடந்த லைட்டில் கரப்பான் கூடு வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வெயிலில் காயவைத்தபின் ட்ரிப் நின்றால் ஈரம்தான் காரணம்; ஆனால் ரப்பர் மூடியை மாற்றாமல் திரும்பக் கட்டாதீர்கள்.

எதுவும் தனியாக விழாமல், எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் எட்டில் விழுந்தால் எந்த லைட்டிலும் கோளாறு இல்லை. நாலு நாலாகப் பிரித்து மூன்று ஈ.எல்.சி.பி. போடுங்கள், சவுண்டுக்குத் தனி. நியூட்ரலையும் அந்தந்த ஈ.எல்.சி.பி.யிலிருந்தே எடுங்கள், மாற்றி எடுத்தால் லோடு போட்டதும் விழும். 30க்குப் பதில் 100 வாங்கி மாட்டுவது தீர்வில்லை.

லைன் டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மேலே சொன்ன கெபாசிட்டர் கசிவுக்கும் அது எரியும், நிஜமாகவே ஃபேஸ் பாடியைத் தொட்டாலும் எரியும்.

ஜெனரேட்டரில் விழாததற்கு லைட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. கசிந்த கரண்ட் திரும்பிப் போக வழியே இல்லாததால் ஈ.எல்.சி.பி. தூங்குகிறது. நியூட்ரலையும் ஜெனரேட்டர் பாடியையும் எர்த் கம்பியையும் ஈ.எல்.சி.பி.க்கு முன்பாக ஒரே இடத்தில் இணைக்க வேண்டும். இதையும் மெயின் பக்க வேலையையும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் விடுங்கள்.

எர்த் கம்பி விஷயத்தில் நம் ஊர் மண் கஷ்டம் கொடுக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த பாலாற்று மணலிலோ பாறைத் தரையிலோ முழ ஆழம் கம்பி அடித்தால் கணக்குக்கு ஆகாது. ஆழமாக அடித்து, தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க ஈரமாக வையுங்கள். அப்படியும் எர்த் தடை 50 ஓம் இருந்தால், ஃபேஸ் பாடியைத் தொடும்போது ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) அசையாது, ஈ.எல்.சி.பி. உடனே விழும். அதனால்தான் எர்த், ஈ.எல்.சி.பி. இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. அர்ச்சுனன் தபசு நாளில், அர்ச்சுனன் வேடக்காரர் ஏறும் தபசு மரத்தில் ஃபோகஸ் லைட்டோ ஒயரோ கட்டச் சொல்வார்கள். கட்டாதீர்கள். தள்ளி நிற்கும் கம்பத்திலிருந்து மரத்தை நோக்கித் திருப்பி வையுங்கள்.