ட்ராக்கில் ஓட்ட மேனுவலா, டூயல் கிளட்ச்சா?

கேள்வி: டர்போ ஹேட்ச்பேக் வாங்கப்போகிறேன். ஒரே இன்ஜின், மேனுவலிலும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கிலும் (இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்து தானே கியர் மாற்றும் வகை) வருகிறது. அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டும் எண்ணம். எதில் லேப் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) குறையும்? ட்ராக்கில் இ.எஸ்.சி.யை (வண்டி சறுக்காமல் காக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) அணைத்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். சரியா?

பதில்: கடிகாரம் மட்டுமே கணக்கென்றால் டூயல் கிளட்ச்தான். ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் பெரிதல்ல.

போர்ஷே 911 ஜிடி3 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த மாடல் பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட, டூயல் கிளட்ச்சில் 3.4 நொடி, மேனுவலில் 3.9 நொடி. நின்ற இடத்திலிருந்து கிளட்ச்சை விட்டுக் கிளம்புவதும் அந்த அரை நொடிக்குள் அடக்கம். ஓடுகிற லேப்பில் அந்த வேலையே கிடையாது.

உங்கள் வண்டிக்கே கணக்குப் போடுவோம். 100-ஐ எட்டப் பத்து நொடி எடுக்கும் வண்டி. மேனுவலில் கியர் மாற்ற 0.4 நொடி. அந்த நேரத்தில் வண்டி நிற்பதில்லை, வேகம் ஏறுவதுதான் நிற்கிறது. இழப்பு மணிக்குச் சுமார் 4 கி.மீ. அந்தக் குறையோடு நேர்ப்பாதையில் இன்னும் 5 நொடி ஓடினால் ஐந்தரை மீட்டர் பின்தங்குவீர்கள், 120 கி.மீ. வேகத்தில் அது 0.17 நொடி. மேல் கியர்களில் வேகம் மெதுவாகவே ஏறும் என்பதால் இழப்பும் குறையும்.

பெரிய லாபம் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான். மேனுவலில் ஒரே காலால் பிரேக்கை அழுத்தியபடி ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கியரை இறக்க வேண்டும். புதியவர் இங்கே பயந்து, முன்கூட்டியே பிரேக் பிடிப்பார். டூயல் கிளட்ச்சில் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருக்கும், கவனம் முழுக்க வளைவில் இருக்கும்.

இருந்தாலும் கியர்பாக்ஸ் மட்டுமே லேப் டைமைத் தீர்மானிக்காது. 2025-ல் போர்ஷே ஓட்டுநர் யோர்க் பெர்க்மைஸ்டர் புதிய 911 ஜிடி3-யின் மேனுவல் வண்டியில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கின் 20.832 கி.மீ. சுற்றை 6 நிமிடம் 56.294 நொடியில் முடித்தார். முந்தைய மாடல் டூயல் கிளட்ச்சோடு எடுத்ததோ 6 நிமிடம் 59.927 நொடி. சஸ்பென்ஷனிலும் ஏரோவிலும் (காற்றைக் கையாளும் உடல் வடிவமைப்பு) செய்த திருத்தங்கள் கியர்பாக்ஸின் குறையை ஈடுகட்டிவிட்டன.

இ.எஸ்.சி. விஷயத்தில் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஜிடி3 என்ற பந்தய வகுப்பின் கார்களில் (பல நிறுவனங்கள் ஓட்டும் வகுப்பு, மேலே சொன்ன போர்ஷே சாலைக் கார் அல்ல) தொழில்முறை ஓட்டுநர்களே ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது), ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுப்பது) இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். ஃபார்முலா 1-ல் 2008 முதல் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்குத் தடை. அது வேகத்தைக் குறைக்கும் என்பதற்காக அல்ல, ஓட்டுநரின் திறமை தெரிய வேண்டும் என்பதற்காக.

உங்கள் ஹேட்ச்பேக் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியாகத்தான் இருக்கும், அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் விசையைப் பகிரும் அமைப்பு) இருக்க வாய்ப்பில்லை. வளைவை விட்டு வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழலும். அதை பிரேக் போட்டு அடக்குவது எலக்ட்ரானிக்ஸ்தான். முழுக்க அணைத்தால் நேரம் கூடவும் செய்யலாம். அதனால் முதலில் எல்லாவற்றையும் ஆனிலேயே வைத்து ஓட்டுங்கள். டாஷ்போர்டில் இ.எஸ்.சி. விளக்கு எந்த வளைவில் மினுக்குகிறது என்று பாருங்கள். அங்கே ஸ்டியரிங்கை அதிகம் ஒடிக்கிறீர்கள், அல்லது ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கிறீர்கள். விளக்கு மினுக்காமலே அதே நேரம் வந்த பிறகு, ஸ்போர்ட் மோட் இருந்தால் அதற்குப் போங்கள்.

டூயல் கிளட்ச் வாங்கினால், உலர் கிளட்ச்சா (எண்ணெயில் குளிராத, எளிதில் சூடேறும் வகை) என்று ஷோரூமில் கேட்டுவிடுங்கள். உலர் வகை என்றால் பிட் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போகாதீர்கள். இடைவெளி விட்டு, நியூட்ரலில் நில்லுங்கள். எந்தக் கியர்பாக்ஸ் ஆனாலும் முதல் ட்ராக் நாளுக்கு முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். இ.எஸ்.சி. ஆனில் இருக்கும்போது பிரேக் கூடுதலாகச் சூடாகும்.