கேத்தியிலிருந்து கிரேக்கத் தீவுக்கு

கேள்வி: அக்கா, கேத்தியில் உருளையும் கேரட்டும் போடுகிறோம். எனக்கு 57 வயது, அவருக்கு 61. அவருக்கு மூட்டுவலி வேறு. கிரேக்கத் தீவுகளுக்குப் பத்து நாள் கூட்டிப்போகிறேன் என்கிறான் மகன். சான்டோரினி, மிக்கோனோஸ், கிரீட், ரோட்ஸ், நாக்சோஸ் என்று ஐந்து தீவு எழுதி வைத்திருக்கிறான். எங்களுக்குக் கடற்கரை, கிராமம், பழைய சரித்திரம் மூன்றும் பார்க்க ஆசை. பட்டியல் சரியா?
- வாசகி, கேத்தி (நீலகிரி)

பதில்: ஐந்து வேண்டாம், தங்கச்சி. பாதி நாள் துறைமுகத்தில் பெட்டியோடு உட்கார்ந்தே போய்விடும். இரண்டு போதும். நாக்சோஸில் ஆறு இரவு, சான்டோரினியில் இரண்டு.

நாக்சோஸை நான் கோத்தகிரிக்காரியாகச் சொல்கிறேன். மலை இருக்கிறது, கல் அடுக்கிய படிக்கட்டு வயல் இருக்கிறது, உருளைக்கிழங்கும் இருக்கிறது! அந்தக் கிழங்குக்கு ஐரோப்பாவில் புவிசார் குறியீடே உண்டு. சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஆலிவ் எண்ணெயில் பொரித்துத் தட்டு நிறையக் கொடுத்தார்கள். உள்ளே மஞ்சளாக, மாவாக உடைந்தது. உங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்தாலே விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பார்.

ஜாஸ் என்ற மலைதான் அங்கே உயரம், 1,004 மீட்டர். நம் குன்னூரே அதைவிட உயரம். மலைமேல் இருக்கும் அபிராந்தோஸ் ஊரில் தெருவெல்லாம் பளிங்குக்கல். காலங்காலமாக மிதித்து மிதித்து நடுவில் வழவழப்பாகிவிட்டது, அதனால் ரப்பர் அடி செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் எமரி பேப்பர் கேட்போமே, அந்த எமரிக்கல்லை வெட்டியெடுத்ததும் இந்த ஊர்ப்பக்கம்தான்.

அப்போலோனாஸ் ஊரில் ஒரு பழைய கல்குவாரி. அதில் பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஒரு பளிங்குச் சிலை, பாதி செதுக்கியபடி மல்லாந்து கிடக்கிறது. தாடி வரைக்கும் தெரிகிறது. 2,500 ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டுப் போன வேலை. நான் பக்கத்தில் அரை மணி உட்கார்ந்திருந்தேன், எழுந்து வர மனமில்லை. துறைமுகத்தருகே நிற்கும் போர்த்தாரா வாசலும் அப்படித்தான். கி.மு. 530 வாக்கில் தொடங்கிய கோயில் முடியவே இல்லை, வாசல் மட்டும் நிற்கிறது.

கடற்கரைக்கு பிளாக்கா. நல்ல மணல், நீளம்.

சான்டோரினிக்குப் போவது சூரியன் மறைவதைப் பார்க்க மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அக்ரோத்திரி என்ற ஊர் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே எரிமலைச் சாம்பலில் புதைந்தது. 1967-ல் தோண்டத் தொடங்கினார்கள். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் சாக்கடை எல்லாம் இருக்கின்றன. மேலே கூரை போட்டு நடைபாதை அமைத்திருப்பதால் வெயில் படாமல் மெதுவாக நடக்கலாம். மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய வசதி.

மே கடைசி அல்லது செப்டம்பர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று அடிக்கும். எனக்கு ஆகஸ்டில் இரண்டு நாள் கப்பலே ஓடவில்லை. ஏதென்ஸில் விமானம் போயே போய்விட்டது. அதனால் கடைசி இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கம் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம், மகனிடம் சொல்லுங்கள்.

அப்புறம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஒரு கிழங்குகூடப் பையில் போட்டு வராதீர்கள். 1961-ல் நீலகிரி மண்ணில், உருளைச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு தென்பட்டதிலிருந்து நம் உருளைக்காரர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? அங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.