பீக்கிங் கப்பல் பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம் மக்களே. ஹாம்பர்க்ல ஒரு கப்பல் ரிப்பேர் யார்டுல பல வருஷமா குப்பை கொட்டுறேன். போன வாரம் பீக்கிங்ங்கிற பழைய ஜெர்மன் பாய்மரச் சரக்குக் கப்பலோட போட்டோ போட்டதுல இருந்து ஆளாளுக்கு ஒரு கேள்வி, அதான் மொத்தமா இங்கயே பதில். அந்தக் கப்பல் ரிப்பேர்ல நான் கை வைக்கல, வேடிக்கை பாத்தவன்தான், அதை முன்னாடியே சொல்லிடறேன்.

தினேஷ்: ஜெர்மன் கப்பலுக்கு எதுக்கு அண்ணே சீனாக்காரன் ஊர் பேரு?

லைஸ் கம்பெனி கப்பல் தம்பி அது. அவங்க கப்பல் பேரு எல்லாமே 'பி'ல ஆரம்பிக்கும், பமீர், பாசாட், பாடுவா, பொம்மர்ன், அந்த வரிசையில இது பீக்கிங். காரணம் கேட்டா சிரிப்பீங்க. ஓனர் வீட்டு மருமக சோஃபிக்கு சுருட்டை முடி, வீட்டுல செல்லமா 'புடெல்'னு கூப்பிடுவாங்களாம், அதாவது பூடில் நாய்! 1857ல ஒரு கப்பலுக்கு அந்தப் பேரையே வெச்சாங்க, அப்புறம் அந்த எழுத்தே ராசியாயிடுச்சு.

கவிதா: என்ன சரக்கு ஏத்துனாங்க? நம்ம தோணி மாதிரி உப்பு, ஓடு எல்லாமா?

உப்புதான்க்கா, ஆனா வெடியுப்பு. சிலி நாட்டு பாலைவனத்துல வெட்டி எடுக்குற சோடியம் நைட்ரேட். உரத்துக்கும் ஆகும், வெடிமருந்துக்கும் ஆகும். அங்க பல துறைமுகத்துல கப்பல் அணையறதுக்கு மேடையே கிடையாது, கடல்ல நங்கூரம் போட்டு நிக்கணும், மூட்டை எல்லாம் சின்னப் படகுல வரும். கீழே ஹோல்டுல, அதாவது கப்பல் வயித்துல சரக்கு வைக்கிற எடத்துல, ஒரே ஒரு ஆளு நின்னு ஒவ்வொரு மூட்டையா முதுகுல வாங்கி பிரமிடு மாதிரி அடுக்குவாரு. சரக்கு கனம் ஜாஸ்தி, பரப்பிப் போட்டா கப்பல் ஒரேடியா அடிகனமா போய் பொம்மை மாதிரி வெடுக்கு வெடுக்குனு ஆடும், ஒரு பக்கம் சரிஞ்சாலோ கதை முடிஞ்சுது, அதனால அடுக்குறதுலதான் மொத்த வித்தையும்.

ஷாஜகான்: சார், இதைக் கட்டுன 1911க்கு முன்னாடியே நீராவிக் கப்பல் வந்தாச்சே, அப்புறம் எதுக்கு பாய் கட்டுனாங்க?

நல்ல கேள்வி. சிலிக்குப் போற வழியில தென் அமெரிக்காவோட தெக்கு முனையான கேப் ஹார்ன் சுத்தணும், அவ்ளோ தூரத்துக்கு நிலக்கரி ஏத்துனா சரக்குக்கு எடமே மிஞ்சாது. காத்துக்கு காசு உண்டா? அதுக்காக இதை ஏதோ பழங்கால மரக்கப்பல்னு நினைச்சுடாதீங்க. முழுக்க ஸ்டீலு, 115 மீட்டர் நீளம், நாலு பாய்மரம், 50 மீட்டருக்கு மேல உயரம், சுமார் 4,100 சதுர மீட்டர் பாய். அதுல ஏறி இறங்குறதுக்கு முப்பது பேரு சொச்சம்தான். பருமலை, அதாவது பாய் தொங்குற குறுக்குத் தண்டை, திருப்புறதுக்கு வின்ச்னு கயிறு சுத்துற மெஷின் வெச்சிருந்தாங்க, அதனாலதான் அவ்ளோ கம்மி ஆள் போதும்.

என்னைக் கேட்டா இதைக் கொன்னது நீராவி மட்டும் இல்ல, கெமிஸ்ட்ரி. 1913ல ஜெர்மனியில ஓப்பாவ்ங்கிற எடத்துல காத்துல இருக்குற நைட்ரஜனை வெச்சே அமோனியா பண்ண ஆரம்பிச்சுட்டான். அடுத்த வருஷம் முதல் உலகப் போர். பிரிட்டிஷ்காரன் கடலை மறிச்சுட்டான், பீக்கிங் சிலியில வால்பரைசோ துறைமுகத்துல மாட்டிக்கிட்டு சும்மா கெடக்குது, இங்க ஊர்ல அந்த அமோனியாவை வெச்சு வெடியுப்பை ஃபேக்டரியிலயே செய்யறாங்க. அதுக்கப்புறம் அந்தக் கப்பலுக்கு எத்தனை நாள் சோறு சொல்லுங்க.

ராஜி: அப்போ அதுக்கப்புறம் எங்க போச்சு?

எங்க போகல! 1921ல போர் நஷ்டஈடா இத்தாலிக்கு, 1923ல லைஸே திரும்ப வாங்கிட்டாங்க. 1929ல இர்விங் ஜான்சன்னு ஒரு அமெரிக்கப் பையன் இதுல ஏறி கேப் ஹார்ன் புயலை கேமராவுல புடிச்சான், டெக் மேல அலை ஏறி ஆளையே மறைக்கும், அந்தப் படம் இன்னைக்கும் பாக்கலாம். 1932ல இங்கிலாந்துக்கு வித்து, பேரை அரெதூசான்னு மாத்தி, மெட்வே ஆத்துல பசங்க தங்கிப் படிக்கிற ஸ்கூலா நிறுத்திட்டாங்க. 1975ல நியூயார்க், அங்க மியூசியம். அங்க காசு இல்லாம துருப்புடிச்சு, ஒடச்சுடலாம்னு பேச்சு வர்ற வரைக்கும் போயிடுச்சு.

மணி: ரிப்பேர்ல என்ன பண்ணாங்க ப்ரோ? வெல்டிங் ஆளா கேக்குறேன்.

வா தம்பி, நம்மாளு. 2017ல இதை இன்னொரு பெரிய கப்பலுக்குள்ள ஏத்தி அட்லாண்டிக் தாண்டிக் கொண்டாந்தாங்க, அந்த நெலமையில கயிறு கட்டி இழுத்துட்டு வர தைரியம் யாருக்கு வரும். ஸ்டோர் ஆத்துல வெவல்ஸ்ஃப்ளேத்னு ஒரு ஊரு, அங்க இருக்குற யார்டுல மூணு வருஷம். பாய்மரம், பருமல் எல்லாத்தையும் கழட்டி, அடித்தகடு மாத்தி, டெக்குக்கு புதுசா தேக்கு போட்டு, பெயின்ட்.

பழைய இரும்பு எவ்ளோ ஏமாத்தும்னு உனக்கே தெரியும். மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், சுத்தியல்ல தட்டினா நல்ல தகடு 'டங்'குங்கும், செத்த தகடு 'டொக்'குங்கும், சில எடத்துல சுத்தியலே உள்ள போயிடும். என் யார்டுல ஒருதடவை இப்படித்தான் ஒரு பழைய படகுல பெயின்ட் மட்டும்தான் தண்ணியைத் தடுத்துட்டு இருந்துச்சு. இது முழுக்க ரிவிட் ஆணி அடிச்சு தகடுகளை இணைச்ச கப்பல் வேற, ஒரு தகடை எடுத்தா பக்கத்துத் தகடோட யோக்கியதையும் வெளிய வந்துடும், போட்ட பட்ஜெட் நிக்கவே நிக்காது.

அனானி: 38 மில்லியன் யூரோவாம். ஓடாத கப்பலுக்கு இது தண்டச் செலவு இல்லையா?

ஓடாதுங்கறது உண்மை, இது மிதக்கிற மியூசியம்தான். கோவம் எனக்கும் முதல்ல இருந்துச்சு. ஆனா ஓட்டுறதுன்னா என்னன்னு பமீரைப் பாருங்க. இதே கம்பெனிக்கு கட்டின கப்பல், 1957ல பியூனஸ் அயர்ஸ்ல பார்லி ஏத்திட்டு வந்துச்சு, பெரும்பகுதி மூட்டை கட்டாம அப்படியே கொட்டினது. புயல்ல தானியம் ஒரு பக்கம் சரிஞ்சு, கப்பலும் சாஞ்சிருச்சு. 86 பேர்ல 6 பேர்தான் மிச்சம், நிறைய பேரு பயிற்சிக்கு வந்த சின்னப் பசங்க. அதுக்கப்புறம் சீக்கிரமே ஜெர்மனியில இந்த மாதிரி பழைய சரக்குப் பாய்க்கப்பல் ஓட்டுறது நின்னு போச்சு. ஓடணும்னா பாடுவா இருக்கு, ரஷ்யாக்காரன் க்ரூஸென்ஷ்டெர்ன்னு பேரு மாத்தி ஓட்டுறான்.

சுதா: ஹாம்பர்க் வந்தா பாக்க முடியுமா?

முடியும். 2020 செப்டம்பர் 7ல வந்து சேந்துச்சு, ஹன்சா ஹாஃபன்ங்கிற துறைமுகப் பகுதியில நிக்குது. எந்த நாள் உள்ள விடுறாங்கன்னு பாத்துட்டு வாங்க, குளிர்காலத்துல வந்து என்னைத் திட்டாதீங்க. மேல நிமிந்து பாத்துட்டு வந்துடாம கீழே ஹோல்டுக்கு இறங்குங்க, அந்த வெறும் இருட்டுல நின்னா ஒத்த ஆளு மூட்டை அடுக்குனான்னு நான் சொன்னது நம்பவே முடியாது.